பின் சைட் இரண்டாகத் தெரிகிறது என்று எழுதிய அண்ணனுக்கு

திருக்காட்டுப்பள்ளியில் பிறந்து வளர்ந்து, இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் வாசகர் ஒருவர், துப்பாக்கியில் குறி பார்க்க உதவும் சைட்டைப் பற்றி எழுதிய கடிதம், சுருக்கமாக:

"தம்பி, எனக்கு வயது 63. சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது. ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு ஒரு லிவர் ரைஃபிள் (விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றுவது) வாங்கினேன், புது மார்லின் 336, .30-30 தோட்டா. சின்ன வயதில் ஏர்கன் வைத்துக்கொண்டு குடமுருட்டிக் கரையில் டப்பா சுட்டவன், குறி தப்பாது. இப்போது பின் சைட் இரண்டாகத் தெரிகிறது, முன் மணி பஞ்சு மாதிரி இருக்கிறது, 100 கஜத்தில் சுட்டால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. மகன் ரெட் டாட் போடு என்கிறான். கிளப் நண்பர் ஸ்கோப் போடு என்கிறார். எனக்கு அந்தத் துப்பாக்கியின் அழகைக் கெடுக்க மனசில்லை. மேலிருந்து கீழே பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரெசிவ் கண்ணாடி போடுகிறேன். எந்த சைட் வாங்கட்டும்? தை மாதம் ஊருக்கு வருவேன்."

அண்ணே, வணக்கம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழல் மேல் இருக்கிற அந்தக் கொம்பு வடிவப் பின் சைட்டைக் கழற்றிவிட்டு, ரிசீவர் (குழலுக்குப் பின்னால் தோட்டா ஏறும் இரும்புப் பகுதி) மேல் உட்காரும் துளை சைட், பீப் சைட் என்கிறார்களே, அதை ஒன்று போடுங்கள். கூடவே சுடுவதற்கென்றே தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதுக்கும், அந்தத் துப்பாக்கிக்கும், அழகு கெடக் கூடாது என்ற உங்கள் மனசுக்கும் இதுதான் பொருந்தும். ஆனால் இன்றைக்கே ஆர்டர் போட வேண்டாம். கண்ணைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் சைட் வாங்குகிறவர்கள் ஒன்று மாற்றி ஒன்று வாங்கிக்கொண்டே இருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் கும்பகோணத்தில் 26 வருடமாகக் கண் பரிசோதனை செய்கிறேன். அதில் 20 வருடமாக ரைஃபிள் கிளப்பில் .22 சுடுகிறேன். லிவர் ரைஃபிளைத் தொட்டது ஹூஸ்டன் பக்கம் மச்சினன் வீட்டுக்குப் போன இரண்டு பயணங்களில்தான், ஆனால் அந்த இரண்டு தடவையும் விடாமல் சுட்டேன், நீங்கள் எழுதியிருக்கிற அதே மங்கலோடு. எனக்கும் 54 ஆகிறது. அதனால் புத்தகத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை.

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், அது புரிந்தால் மகன் சொல்வது, நண்பர் சொல்வது, நான் சொல்வது எல்லாவற்றையும் நீங்களே எடை போட்டுக்கொள்வீர்கள். நம் ஊரில் இதைச் சாளேசுரம் என்பார்கள், வெள்ளெழுத்து என்றும் சொல்வது உண்டு. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இளமையில் இளகி இருக்கும், கிட்டத்தில் பார்க்கும்போது தானே உப்பிக்கொள்ளும், தூரத்தில் பார்க்கும்போது தானே தட்டையாகிவிடும். வயது ஏற ஏற அது இறுகிப் போகிறது. இருபது வயதில் சுமார் 10 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) அளவுக்கு வளைந்து கொடுத்த கண், அறுபதில் 1 டயாப்டர் கொடுத்தாலே பெரிய விஷயம்.

இப்போது துப்பாக்கியைக் கவனியுங்கள். உங்கள் மார்லினில் தோளில் ஊன்றுகிற மரக் கட்டையில் கன்னத்தை வைத்தால் கண்ணிலிருந்து பின் சைட் ஏறக்குறைய 40 செ.மீ., முன் சைட் ஏறக்குறைய 80 செ.மீ., இலக்கு 100 கஜம். டயாப்டர் கணக்கில் பின் சைட் தெளிவாகத் தெரிய 2.5 வேண்டும், முன் சைட்டுக்கு 1.25, இலக்குக்குப் பூஜ்யம். குடமுருட்டிக் கரையில் டப்பா சுட்ட பையனுடைய கண் இந்த மூன்றுக்கும் நடுவே கண் இமைக்கும் நேரத்தில் ஓடி ஓடித் திரும்பி வந்தது. அவன் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தான், உண்மையில் எந்த வயதிலும் எந்தக் கண்ணாலும் மூன்றையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. இப்போது அந்த ஓட்டம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

என்னிடம் சுவாமிமலையிலிருந்து ஸ்தபதிகள் வருவார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியதும், மெழுகில் விரல் நகத்தைச் செதுக்க முடியவில்லை, கத்தி நுனி தெரியவில்லை என்று வருவார்கள். அவர்கள் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரியே உட்காரச் சொல்லி, கையிலிருந்து கண் வரை அளந்து, அந்த ஒரு தூரத்துக்குப் பவர் கொடுத்தால் போதும், அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். திருபுவனத்தில் தறியில் உட்காருகிறவர்களுக்குத் தூரம் கொஞ்சம் அதிகம், ஆனால் அதுவும் ஒரே தூரம்தான். சுடுகிறவருக்கு மட்டும்தான் மூன்று தூரம். மூன்று தூரத்துக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி கிடையாது. அதனால் நாம் செய்ய வேண்டியது மூன்றை இரண்டாக்குவது, முடிந்தால் ஒன்றாக்குவது. எந்த சைட்டை எடுத்துப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: இது என் கண்ணுக்கு எத்தனை தூரத்தைக் குறைத்துக் கொடுக்கிறது?

உங்களிடம் இப்போது இருக்கிற கொம்பு சைட் எதையும் குறைக்கவில்லை. அதன் நடுவில் இருக்கிற சின்ன வெட்டுக்குள் முன் மணியை உட்கார வைக்க வேண்டும், ஆனால் வெட்டின் விளிம்பே உங்களுக்கு இரண்டாகத் தெரிகிறது, எந்த விளிம்பு நிஜம் என்று கண் ஊகித்துக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. அந்த ஊகத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும், இரண்டு சைட்டுக்கும் நடுவில் 40 செ.மீ.தான் இருப்பதால், 100 கஜத்தில் அது 11 செ.மீ. தள்ளிப் போய் விழும். மேலே 11, கீழே 11 என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சொன்ன சாப்பாட்டுத் தட்டு கணக்காக வந்துவிடுகிறது. உங்கள் கை நடுங்கவில்லை அண்ணே, விசையையும் ஒழுங்காகத்தான் இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

துளை சைட் இந்தப் பின் தூரத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. எப்படி என்பதை நம் ஊர்க் கீற்றுக் கொட்டகையை வைத்தே சொல்லலாம். கீற்று ஓட்டை வழியாகத் தரையில் விழும் வெயில் வட்டம் வட்டமாகக் காசு மாதிரி விழும் இல்லையா, ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். அது ஓட்டையின் நிழல் இல்லை, சூரியனுடைய படம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று அந்தக் காசெல்லாம் பிறையாக மாறின, பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சின்ன ஓட்டை லென்ஸே இல்லாமல் படம் பிடிக்கும், கிட்டம் தூரம் எல்லாவற்றையும் ஓரளவு தெளிவாக்கும். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பாட்டி முஷ்டியை மடக்கி அதன் நடுவில் சின்ன இடுக்கு வைத்து மருந்துச் சீட்டைப் படிப்பதும் இதே வித்தைதான். நாங்கள் பரிசோதனை அறையில் துளைத் தகடு ஒன்றைக் கண் முன்னால் வைத்துப் பார்ப்போம், அதில் தெளிவாகத் தெரிந்தால் கோளாறு பவரில் இருக்கிறது, கண்ணாடியில் சரியாகும் என்று அர்த்தம். தெரியாவிட்டால் விஷயம் வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆக, பீப் சைட்டில் நீங்கள் துளையைப் பார்க்கவே கூடாது. துளை வழியாகப் பார்க்க வேண்டும். துளை மங்கலாகத்தான் இருக்கும், இருக்கட்டும், கண் தானாகவே முன் சைட்டை அதன் நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், ஏனென்றால் வெளிச்சம் அதிகமாக இருக்கிற இடம் நடுதான். பலர் முதல் நாளிலேயே துளையை நடுவாக்க முயன்று முயன்று கண் வலித்து, இது சரிப்படவில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முன் சைட்டின் மேல் விளிம்பை மட்டும் பாருங்கள், இலக்கு கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஐம்பது தோட்டாவுக்குப் பிறகு கண் பழகிவிடும்.

ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் சுடுகிறவர்கள் எல்லோரும் பின்னால் துளை சைட்தான் வைத்திருப்பார்கள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் துளை வழியாகப் பார்த்துத்தான், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அப்படித்தான். இருபது வயதுக் கண்ணுக்கே அது உதவுகிறது என்றால் 63-க்கு எவ்வளவு உதவும்!

இன்னொரு லாபமும் உண்டு. துளை சைட் ரிசீவர் மேல், கண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவதால் இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள தூரம் 40 செ.மீ.யிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. ஆகிவிடும். அதே அரை மில்லிமீட்டர் பிசகு இப்போது 100 கஜத்தில் 11 செ.மீ. இல்லை, எட்டுக்கும் கீழே. ஒரு திருகை மாற்றியதற்கே இவ்வளவு.

துளை எவ்வளவு பெரியது என்பது முக்கியம். சின்னதாக இருந்தால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். பட்டப்பகலில் காகித இலக்குக்கு ஏறக்குறைய 3 மி.மீ. விட்டம் உள்ளது நன்றாக இருக்கும். விடியலிலும் பொழுது சாயும்போதும் காட்டில் நிற்பீர்கள் என்றால் 5 மி.மீ. அளவுள்ள பெரிய வளையம் வேண்டும், கோஸ்ட் ரிங் என்பார்கள். 60 வயதுக் கண்ணின் பாப்பா சுருங்கிப் போயிருக்கும், லென்ஸும் மஞ்சளாகியிருக்கும், இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இப்போது போகிறது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் சின்னத் துளை உங்களுக்கு இருட்டுக் கிணறு. நல்ல வேளையாகத் துளைத் தகட்டைக் கையால் திருகிக் கழற்றி மாற்றுகிற மாதிரிச் செய்கிறார்கள், இரண்டு அளவும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கின்னர், வில்லியம்ஸ், எக்ஸ்எஸ் என்று அங்கே கிடைக்கிற எதுவும் சரி. உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். மார்லின் 336, 1948-ல் வந்ததிலிருந்தே காலித் தோட்டாவைப் பக்கவாட்டில் எறிகிறது, மேல்பக்கம் மூடியே இருக்கும், உங்களுடையது போன்ற புது மாடல்கள் திருகு ஓட்டைகளும் போட்டே வருகின்றன. பழைய வின்செஸ்டர் 94 மேல்பக்கமாக எறியும், அது வைத்திருக்கிறவர்கள் பாடு கொஞ்சம் சிரமம், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

முன் சைட்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் இனிமேல் உங்கள் கண் உட்கார வேண்டிய ஒரே இடம் அதுதான். உருண்டையான மணி சைட் வெயிலில் ஏமாற்றும். இடப்பக்கம் வெயில் அடித்தால் மணியின் இடப்பக்கம் பளபளக்கும், கண் அந்தப் பளபளப்பையே மணி என்று எடுத்துக்கொள்ளும், தோட்டா வலப்பக்கம் போகும். காலையில் சுட்டது ஒரு பக்கம், மாலையில் சுட்டது ஒரு பக்கம் என்று விழுந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். காகித இலக்குக்கு மேல்பக்கம் சதுரமாக, தட்டையாக உள்ள கருப்புக் கம்பம் போதும். மினுக்கம் இருந்தால், தோட்டா இல்லாத துப்பாக்கியில், துப்பாக்கி மருந்தையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கட்டிக் கற்பூரத்தின் புகையை முன் சைட்டில் பிடியுங்கள், மையிருட்டாகக் கருப்பு ஏறும், துணியால் துடைத்தால் போய்விடும். பழைய காலத்து இலக்குச் சுடுகாரர்கள் விளக்குப் புகையில் செய்ததை நான் கற்பூரத்தில் செய்கிறேன். காட்டுக்குப் போகும்போது மட்டும் வெள்ளைக் கோடு போட்ட கம்பமோ, வெளிச்சத்தை உறிஞ்சி ஒளிரும் ஃபைபர் குச்சி வைத்ததோ நல்லது.

ஒரு எச்சரிக்கை. துளை சைட் பழைய சைட்டைவிட உயரத்தில் உட்காரும், அதனால் தோட்டா மேலே போகும், துளையை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் போதாமல் போகலாம். அப்போது உயரமான முன் சைட் வேண்டும். எவ்வளவு உயரம் என்பதற்குக் கணக்கு எளிது: இலக்கில் எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதை இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டரில் 10 செ.மீ. மேலே விழுகிறது, சைட் இடைவெளி 60 செ.மீ. என்றால் 1.2 மி.மீ. உயரம் கூட்ட வேண்டும். இதைக் கணக்குப் போடாமல் குத்துமதிப்பாக வாங்கி, நான் என் .22-க்கு மூன்று முன் சைட் மாற்றினேன்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். புரோகிரெசிவ் கண்ணாடி தெருவில் நடக்க, கணக்குப் பார்க்க, பேரப்பிள்ளை முகம் பார்க்க அருமையான பொருள். துப்பாக்கிக்கு ஆகவே ஆகாது. கன்னத்தைக் கட்டையில் சாய்த்ததும் நீங்கள் கண்ணாடியின் மேல் மூலை வழியாக, மூக்குப் பக்கமாகப் பார்க்கிறீர்கள். அங்கே தூரப் பவர்தான் இருக்கும், அதுவும் ஓரம் என்பதால் உருவம் லேசாக இழுபடும். முன் சைட் தெரிய வேண்டிய பவர் கீழே எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடித் தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையை விட்டுவிடும். நீங்கள் பஞ்சு மாதிரி என்று எழுதியதில் பாதி வயது, மீதி பாதி இந்தக் கண்ணாடி.

சுடுவதற்கு ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று தனியாக வேண்டும். குறி பார்க்கிற கண்ணுக்கு உங்கள் தூரப் பவரோடு பிளஸ் 0.50 கூட்டினால் நல்ல தொடக்கம். ஏன் முன் சைட்டுக்குரிய முழு 1.25-ஐயும் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கொடுத்தால் முன் சைட் ஊசி மாதிரித் தெரியும், இலக்கு கரைந்து காணாமல் போய்விடும். பாதியில் நின்றால், மீதிப் பாதியைத் துளை பார்த்துக்கொள்ளும், கீற்று ஓட்டை வேலை. சிலருக்கு 0.75 பிடிக்கும், அதை உட்கார்ந்து வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிலிண்டர் பவர் (கண் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைந்திராததைச் சரிசெய்யும் பவர்) இருந்தால் அதை ஒரு கால் பாயிண்ட்கூட விடாமல் போட வேண்டும். லென்ஸின் மையப் புள்ளியைச் சாதாரண இடத்தில் வைக்காமல், நீங்கள் கன்னம் சாய்த்துப் பார்க்கிற அந்த மேல் மூலைக்குக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடைக்காரர் முதலில் விழிப்பார், எழுதிக் கொடுத்தால் செய்வார். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், தோட்டா வெடித்துச் சிதறுகிற நாள் என்று ஒன்று வந்தால் கண்ணுக்கு முன்னால் இருப்பது அதுதான்.

மகன் சொன்ன ரெட் டாட்டை நான் தள்ளிவிடவில்லை. கண் கணக்கில் பார்த்தால் அதுதான் மூன்றை ஒன்றாக்குகிறது: சிவப்புப் புள்ளி தூரத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும், இலக்கையும் புள்ளியையும் ஒரே தூரப் பவரில் பார்த்துவிடலாம், சைட்டுகளை வரிசையாக்குகிற வேலையே இல்லை. ஆனால் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளி புள்ளியாகத் தெரியாது, காற்புள்ளி மாதிரி, மத்தாப்பூ மாதிரி, இரண்டு மூன்று புள்ளி ஒட்டின மாதிரித் தெரியும். கடையில் கையில் எடுத்துப் பாருங்கள், அப்படித் தெரிந்தால் செல்போனை அதன் பின்னால் வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்து உங்களுக்கு மட்டும் சிதறினால் கோளாறு உங்கள் கண்ணில், சைட்டில் இல்லை, முழு சிலிண்டர் பவரோடு கண்ணாடி போட்டுத் திரும்பவும் பாருங்கள். அப்படியும் சிதறினால், கண்ணாடியிலேயே கோடு செதுக்கிய பிரிசம் சைட் என்று ஒன்று உண்டு, அதன் கண்பக்க வளையத்தைத் திருகி நம் பவருக்குச் சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்கோப் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் கண் சார்ந்த காரணம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், கண் புரை தொடங்கிவிட்டவருக்கும் விழித்திரையில் கோளாறு உள்ளவருக்கும் ஸ்கோப்தான் நல்லது, உருவம் பெரிதாகிறது, ஒரே தூரத்தில் எல்லாம் இருக்கிறது, கண்பக்க வளையத்தைத் திருகினால் கோடு கூர்மையாகிவிடும். ஆனால் லிவர் ரைஃபிளில் அது சில தொல்லைகளைக் கொண்டுவரும். ஹாமர், அதாவது சுடுவதற்கு முன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிற சுத்தியல், ஸ்கோப்புக்கு அடியில் போய்விடும், கட்டைவிரல் சேராது, பக்கவாட்டில் ஒரு நீட்டிப்புக் குமிழ் மாட்ட வேண்டும். கட்டை தாழ்வானது, இரும்பு சைட்டுக்காகச் செய்தது, ஸ்கோப் உயரத்துக்குக் கன்னத்தைத் தூக்கினால் கன்னம் காற்றில் நிற்கும், மேலே ஒரு தோல் மெத்தை கட்ட வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் ஒன்பது பத்து செ.மீ. இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் உதைப்பில் புருவத்தில் வெட்டும். போடுவதென்றால் 1-4 அல்லது 2-7 பெருக்கம் உள்ள சின்ன ஸ்கோப் போதும், .30-30-க்கு அதற்கு மேல் தேவையே இல்லை. கையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடக்க அந்தத் துப்பாக்கிக்கு இணை இல்லை, நான் டெக்சாஸில் நடந்து பார்த்திருக்கிறேன், ஸ்கோப் போட்டதும் அந்தப் பிடி போய்விடுகிறது. நீங்கள் சொன்ன அழகு வெறும் பார்வைக்கு மட்டும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

இங்கே இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அண்ணன் அங்கே வேட்டைக்குக் காட்டுக்குப் போனாலும் அது அந்த ஊர் உரிமத்தோடு, அந்த ஊர்ச் சட்டப்படிதான். நம்மிடம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கோடியக்கரை வெளிமானைக் கண்ணாலும் கேமராவாலும் மட்டும்தான் பார்க்க வேண்டும்.

இனி, நான் நிஜமாகவே கவலைப்படுகிற விஷயம். உங்கள் கடிதத்தில் சைட்டுகளைப் பற்றிப் பத்து வரி, சர்க்கரையைப் பற்றி ஒரே ஒரு வரி. சர்க்கரை ஏறி இறங்கினால் கண் லென்ஸ் தண்ணீர் கோத்துப் பவர் மாறும், இந்த வாரம் எடுத்த பவர் அடுத்த மாதம் பொருந்தாது. சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகுதான் கண்ணாடிக்கு அளவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் வீண். விழித்திரையை வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது, இந்த ஒரு வருடத்தில் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிகிறது, பார்வை திரும்பிவிட்டது என்று தோன்றியதா? நம் பக்கத்துப் பெரியவர்கள் சந்தோஷமாக வந்து சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டதும் பகீரென்று இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அது கண் புரையின் தொடக்கம், லென்ஸ் இறுகிக் கிட்டப்பார்வை ஏறியிருக்கும், தூரம் அதே அளவுக்குக் கெட்டிருக்கும். இரவில் எதிரே வரும் கார் விளக்கு பூவாக விரிகிறதா என்றும் கவனியுங்கள்.

புரை என்று சொல்லிவிட்டார்கள் என்றால் சைட் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள், அறுவைக்குப் பிறகு கண் வேறு கண். அறுவைக்கு முன்னால் டாக்டரிடம் நான் சுடுகிறவன், எந்தக் கண்ணால் குறி பார்க்கிறேன் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கண்ணுக்கு ஒற்றைத் தூர லென்ஸ் வைப்பதுதான் என் விருப்பம். கிட்டம் தூரம் எல்லாம் ஒன்றாகத் தெரியும் என்று விற்கிற மல்டிஃபோகல் லென்ஸ் சமையலறைக்கும் செல்போனுக்கும் வசதி, ஆனால் அது வெளிச்சத்தைப் பங்கு போடுகிறது, கருப்பு வெள்ளை வித்தியாசம் குறையும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கிய வெளிச்சத்தில் முன் சைட்டைத் தேடுகிறவருக்கு அது இழப்பு. அறுவை முடிந்து எப்போது உதைப்புள்ள துப்பாக்கியைத் தோளில் வைக்கலாம் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும், நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

குறி பார்க்கும் கண் எது என்பதும் உறுதியாகத் தெரிய வேண்டும். இரண்டு கையையும் நீட்டி நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விட்டு, தூரத்தில் ஒரு பொருளை, ஊரில் இருந்தால் கோபுரக் கலசத்தைச் சொல்வேன், அங்கே ஒரு தெருவிளக்கை, இரண்டு கண்ணும் திறந்து அந்த இடைவெளிக்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் என்று வந்தால் சைட் மாற்றினாலும் குறி அமையாது, அதற்கு வேறு வழி செய்ய வேண்டும், எழுதுங்கள்.

தையில் வரும்போது துப்பாக்கி வேண்டாம், நூல் ஒன்று கொண்டுவாருங்கள். கிளம்புவதற்கு முன் அங்கேயே, தோட்டாக் குழாயையும் அறையையும் காலி செய்து, இரண்டு தடவை பார்த்து, லிவரைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கம்போலக் கன்னத்தைச் சாய்த்து நில்லுங்கள். மகனைவிட்டு உங்கள் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து முன் சைட் வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்து அங்கே ஒரு முடிச்சு, துளை சைட் உட்காரப் போகிற இடத்தில் இன்னொரு முடிச்சு போடச் சொல்லுங்கள். அப்படியே பக்கவாட்டில் நின்று உங்கள் முகத்தை, கண்ணாடி போட்ட நிலையில், ஒரு போட்டோ எடுக்கட்டும், எந்த மூலை வழியாகப் பார்க்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். கடைசி மூன்று மாதச் சர்க்கரைச் சீட்டும் இப்போதைய கண்ணாடியும் கூட இருக்கட்டும். நூலை என் மேசையில் கட்டி, முடிச்சு இருக்கிற இடத்தில் ஒரு கருப்புக் கம்பத்தை நிறுத்தி, சன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு காகித வட்டத்தை ஒட்டி, பிளஸ் 0.50-ஐயும் 0.75-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். காலை 10 மணிக்குள் வந்துவிடுங்கள், அப்போதுதான் அந்தச் சன்னல் பக்கம் வெயில் அடிக்காது. சொட்டு மருந்து விடுவதாக இருந்தால் கடைசியில்தான் விடுவேன், திரும்பிப் போகக் கார் ஓட்ட யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.